சின்ன ஜாம் ரூமில் பாடுகிறவர் குரல் கேட்கவே இல்லை: என்ன செய்யலாம்?

உபி_கீபோர்டு

வணக்கம். தீபாவளி நிகழ்ச்சிக்கு ஒரு சமூக மன்றத்தில் வாசிக்கப் போகிறோம். ப்ராக்டிஸ் சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில், வாடகை ஜாம் ரூமில் நடக்கிறது. ரூம் சுமார் 4.5 மீட்டருக்கு 3.5 மீட்டர், கூரை 3 மீட்டர் உயரம். ஆண் குரல், பெண் குரல், கீபோர்டு, எலக்ட்ரிக் கிதார், பேஸ், டிரம்ஸ், தபலா என்று ஏழு பேர்.

ரூமில் இருப்பது: 10 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, எதிரெதிர் மூலைகளில் கூரைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டு ஆக்ஸ் (தனி மிக்ஸ் அனுப்பும் வெளியீடு) உள்ள 12 சேனல் மிக்சர். எஸ்எம்58 மைக் நான்கு: இரண்டு குரலுக்கு, இரண்டு தபலாவுக்கு. கீபோர்டும் அதே ஸ்பீக்கரில்தான் போகிறது. கிதாருக்கும் பேஸுக்கும் தனித்தனி ஆம்ப்.

குரலை ஏற்றினால் உடனே ஸ்பீக்கரில் ஊளை (ஃபீட்பேக்). இறக்கினால் டிரம்ஸில் மூழ்கிவிடுகிறது. இரண்டு பாடகர்களும் கத்திக் கத்திப் பாடித் தொண்டை கட்டிப் போகிறது. 15 அங்குல ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்து வந்தால் சரியாகுமா? சுவரில் ஃபோம் ஒட்டினால் பலன் இருக்குமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

மிக்சர்_மேசை

தம்பி, 15 அங்குலத்துக்குக் காசு போடாதீங்க. உங்க ரூமில் ஸ்பீக்கருக்குச் சக்தி போதாமல் இல்லை. சக்தியை ஏற்றுவதற்கு முன்பே ஊளை வந்துவிடுகிறது, அதுதான் பிரச்சினை. எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வந்தாலும் அதே சத்தத்தில்தான் ஊளையிடும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பதும் வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே மற்றவர்கள் இறங்க வேண்டும், மைக்கும் ஸ்பீக்கரும் நிற்கும் இடம் மாற வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். எஸ்எம்58 கார்டியாய்டு மைக். முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் 6 டெசிபல் குறையும், நேர் பின்னால், அதாவது கேபிள் சொருகும் பக்கம், மிகக் குறைவாகக் கேட்கும். சத்தம் எதிலிருந்து வருகிறதோ அதற்கு மைக்கின் வாலைக் காட்ட வேண்டும். உங்களிடம் ஸ்பீக்கர்கள் எதிரெதிர் மூலையில் இருப்பதால் பாடகர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று மைக்கின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கும். ஊளைக்கு அதுதான் காரணம்.

ஸ்பீக்கரைக் கழற்ற ரூம்காரர் சம்மதித்தால் இரண்டையும் ஸ்டாண்டில் ஏற்றி, டிரம்ஸுக்கு இரு பக்கமும், கொஞ்சம் முன்னால் தள்ளி, காது உயரத்தில் வையுங்கள். பாடகர்கள் எதிர்ச்சுவர்ப் பக்கம் நின்று டிரம்ஸைப் பார்த்துப் பாடட்டும். இப்போது மைக்கின் வால் டிரம்ஸையும் பார்க்கும், ஸ்பீக்கரையும் பார்க்கும். கழற்றக் கூடாது என்றால், மைக்கின் முகத்துக்கு நேராக இருக்கும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். இரண்டு ஸ்பீக்கரில் கேட்டதைவிட ஒன்றில் குரல் கூடுதலாகக் கிடைக்கும். பலர் இதை நம்பவே மாட்டார்கள், செய்து பார்த்தால் தெரியும்.

பாடகர் டிரம்ஸைப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மைக்கின் முகம் டிரம்ஸ் பக்கம் இருந்தால் குரல் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் ஸ்லைடர்) ஏற்றும்போதெல்லாம் சிம்பலும் சேர்ந்து ஏறும். குரலை எவ்வளவு ஏற்றினாலும் தெளிவு வராமல் இரைச்சல் மட்டும் கூடினால் இதுதான் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கை உதட்டிலிருந்து 2, 3 சென்டிமீட்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் சும்மா கிடைக்கிறது. 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துவிட்டு மிக்சரில் ஏற்றச் சொல்வதில் பயனில்லை. கிட்டே வந்தால் அடிக்குரல் தடிக்கும், அதற்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட் பட்டனை அழுத்திவிடுங்கள். வலைக் கூண்டைக் கையால் பொத்திப் பிடிக்கவே கூடாது. பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, கார்டியாய்டு மைக் எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்காக மாறிவிடும், ஊளை நிச்சயம்.

திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் ஊளைக்கு முன் கிடைக்கும் இடைவெளி 3 டெசிபல் குறையும். ஒன்றுக்குப் பதில் நான்கு திறந்திருந்தால் 6 டெசிபல் போச்சு. தபலா இல்லாத பாட்டில் அந்த இரண்டு சேனலையும் மியூட் செய்யுங்கள்.

ரிவர்ப், எக்கோ எல்லாம் ப்ராக்டிஸில் அணைத்துவிடுங்கள். கம்ப்ரெசர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கருவி) இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பாடாத நேரத்தில் கம்ப்ரெசர் சத்தத்தைத் தூக்கிவிடுவதால் பாட்டு நின்ற இடத்தில்தான் ஊளை கிளம்பும்.

கீபோர்டை அந்த ஸ்பீக்கரிலிருந்து வெளியே எடுப்பது நல்லது. சின்ன கீபோர்டு ஆம்ப் ஒன்று உங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். குரலும் தபலாவும் மட்டும் ஸ்பீக்கரில் போகட்டும். இடது கையில் பேஸ் நோட் வாசிக்கிற பழக்கம் இருந்தால் பேஸ்காரர் இருக்கும்போது அதை விட்டுவிடுங்கள், ரூமில் அரைவாசி குமுறல் குறையும்.

கிதார்காரர் ஆம்பைத் தரையில் வைத்திருப்பார், அது முழங்காலுக்கு வாசிக்கும். அவருக்குச் சரியாகக் கேட்காது, ஏற்றுவார். எதிரே நிற்பவர் காதில் அது ஈட்டி மாதிரி குத்தும். ஆம்பை நாற்காலியில் ஏற்றிச் சாய்த்து அவர் காதுக்கே திருப்பிவிடுங்கள், தானாகவே இறக்குவார். டிஸ்டார்ஷன் கெய்னைக் குறைக்கச் சொல்லுங்கள், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவருக்கு வேலை இல்லை, அது பேஸுக்கு. தமிழ்ப் பாட்டில் ல, ள, ழ வித்தியாசம் பெரும்பாலும் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் தெரியும். கிதாரின் கடுமையும் கிராஷ் சிம்பலும் அதே இடத்தில்தான் உட்காரும். கிதார் ஈக்யூவில் (ஹெர்ட்ஸ் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) அந்த இடத்தில் 3 டெசிபல் வெட்டிப் பாருங்கள், சொல் தெளிவாகும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஈக்யூவால் ஊளையைப் பிடிக்க வேண்டும். 31 பேண்ட் கிராஃபிக் ஈக்யூ இருந்தால் வசதி. எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்கட்டும், யாரும் வாசிக்க வேண்டாம். பாடகர் பாட்டில் வரும் அதிகபட்சச் சத்தத்தில் பாட, மைக் சேனலின் கெய்னை (உள்ளே வரும் சத்தத்தின் அளவு) மீட்டரில் 0 வரும்படி வையுங்கள். பிறகு மாஸ்டரை மெல்ல ஏற்றுங்கள். முதல் ஊளை கிளம்பும்போது போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப்பில் எந்த ஹெர்ட்ஸ் என்று பார்த்து அந்த ஸ்லைடரை 3 டெசிபல் இறக்குங்கள். ஆப் இல்லையென்றால் காதால் ஊகிக்கலாம்: 'ஊ' என்று அடித்தொண்டையில் வந்தால் 250 முதல் 500, விசில் மாதிரி கூர்மையாக வந்தால் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. மறுபடி ஏற்றுங்கள், அடுத்ததைப் பிடியுங்கள். நான்கைந்து இடத்தோடு நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் வெட்டினால் குரலே செத்துப்போகும், அத்தனை ஊளை வருகிறது என்றால் இடம் இன்னும் சரியில்லை என்று அர்த்தம். கடைசியில் ஊளை விளிம்பிலிருந்து மாஸ்டரை 4, 5 டெசிபல் இறக்கி, அங்கே டேப்பில் கோடு போட்டு வையுங்கள்.

---

ஈசூன்_ஸ்நேர்

டிரம்ஸ் பக்கத்திலிருந்து. 16 சதுர மீட்டர் கூட இல்லாத ரூமில் வழக்கமான 5ஏ குச்சியில் அடித்தால் 100 டெசிபலைத் தாண்டும், குரல் மைக்கில் எவ்வளவு போராடினாலும் தோற்கும். மெல்லிய குச்சிகளைக் கட்டிய ராட்ஸ் வாங்கி வாசிக்கட்டும். ஸ்நேரில் ஜெல் ஒட்டு ஒன்று, கிராஷ், ரைடு அடிப்பக்கம் 10 சென்டிமீட்டர் துணி டேப் ஒரு துண்டு. பேஸ் டிரம்மில் தலையணை, தோலை லேசாகத் தொட்டால் போதும். ஹை-ஹேட்டை அரைவாசி திறந்து வாசிப்பதுதான் குரலை அதிகம் மூடுகிறது, சரணத்தில் மூடி வாசிக்கட்டும்.

ராட்ஸில் வாசித்தால் உணர்வு வராது என்பார்கள். ரிம் ஷாட்டை (விளிம்போடு சேர்த்து அடிக்கும் பலமான அடி) நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம். மெல்ல வாசித்தும் தாளம் தளராமல் பிடிக்கிற டிரம்மர் மேடையில் இன்னும் நன்றாக வாசிப்பார்.

பிளாஸ்டிக் தடுப்பு வாங்கி டிரம்ஸுக்கு முன்னால் வைக்க வேண்டாம். பின்சுவரில் உறிஞ்சும் பொருள் இல்லாமல் தடுப்பு மட்டும் வைத்தால் சத்தம் சுவருக்கும் கூரைக்கும் அடித்துத் திரும்பி வரும்.

---

உபி_கீபோர்டு

மிக்க நன்றி அண்ணே. ஸ்பீக்கரைக் கழற்ற விட மாட்டார்கள், ஒன்றை அணைத்துப் பார்க்கிறோம். மூன்று சந்தேகம். ஒன்று, பேஸ் சில நோட்டில் மட்டும் ரூமே அதிர்கிற மாதிரி பூம் என்று வருகிறது, மற்ற நோட்டில் கேட்கவே இல்லை. இரண்டு, தபலா ஸ்ருதி பாதியில் ஏறிப்போகிறது. மூன்று, பாடகர்கள் மட்டும் வார நாளில் வீட்டில் பழகலாமா என்று யோசிக்கிறோம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் உள்ள பாம்ப் ஷெல்டர் அறை கான்கிரீட்டாச்சே, அதில் பாடினால் அக்கம்பக்கத்துக்குக் கேட்காதே?

---

கம்பளிச்_சுவர்

பேஸ் நோட் விஷயம் ரூமின் அளவிலிருந்து வருகிறது. ஒலி வேகத்தை (வினாடிக்குச் சுமார் 345 மீட்டர்) சுவருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த ரூம் எந்த ஹெர்ட்ஸில் அதிரும் என்று தெரியும். உங்கள் 3.5 மீட்டருக்கு 49 ஹெர்ட்ஸ். 3 மீட்டர் கூரைக்கு 57, 58 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரில் இ ஸ்ட்ரிங் மூன்றாம் ஃப்ரெட் 'ஜி' 49 ஹெர்ட்ஸ், ஏ ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட் 'பி ஃப்ளாட்' 58 ஹெர்ட்ஸ். அந்த இரண்டு நோட்டில்தானே பூம் வருகிறது? ஆம்ப் மூலையில் இருந்தால் மூன்று பரப்பும் சேர்ந்து அதை இன்னும் தூக்கும். மூலையிலிருந்து ஒரு மீட்டராவது வெளியே இழுங்கள், தரையிலிருந்து தூக்கி வையுங்கள், 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஈக்யூவில் குறையுங்கள். இதை ஃபோம் தீர்க்காது.

ஃபோம் பற்றிக் கேட்டீர்களே. 25 மில்லிமீட்டர் ஃபோமோ முட்டை அட்டையோ உச்ச ஒலியை மட்டும் கொஞ்சம் தின்னும். ரூம் மந்தமாகும், குமுறல் அப்படியே இருக்கும். குரலின் தெளிவு போய்ப் பேஸின் இரைச்சல் மிஞ்சும், உங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது, வாடகை ரூமில் அதை ஒட்டவே கூடாது.

சொந்த ரூம் என்றால் ராக்வுல் (பாறை நார்): கன மீட்டருக்கு 60 கிலோ அடர்த்தி, 100 மில்லிமீட்டர் தடிமன், 600க்கு 1200 அளவுப் பலகை. மரச் சட்டத்தில் வைத்து, வாயை வைத்து ஊதினால் காற்று போகிற துணியால் மூடி, சுவரிலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். அந்த இடைவெளிதான் அடி ஒலியையும் பிடிக்க உதவும். நம் ஊர் ஈரத்தில் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் பூஞ்சை பிடிக்கும், அதற்கும் இடைவெளி நல்லது.

வாடகை ரூமுக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பாடகருக்குப் பின்னால் கனமான கம்பளியோ இரண்டாக மடித்த கெட்டித் திரையோ தொங்கவிடுங்கள். டீ வடிவ மைக் ஸ்டாண்ட் இரண்டு, நடுவில் ஒரு கம்பு, போதும். மைக்கின் முகம் பாடகரைத் தாண்டிப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். டிரம்ஸ் சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும் அங்கே பட்டுத் திரும்பி நேராக மைக்குக்குள் போகிறது. எல்லாச் சுவரையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் மூடினாலே வித்தியாசம் தெரியும்.

தபலா: வெளியே ஈரக்காற்றிலிருந்து ஏர்கானுக்குள் வந்ததும் தோல் காய்ந்து இறுகும், ஸ்ருதி ஏறும். வந்தவுடன் பையைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் கழித்து ஸ்ருதி சேர்க்கச் சொல்லுங்கள். ஏர்கான் காற்று நேராகப் படும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள். தபலா மைக் விளிம்பிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டரில், வால் டிரம்ஸைப் பார்க்கும்படி இருக்கட்டும்.

பாம்ப் ஷெல்டர் வேண்டாம். அகலம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 108 ஹெர்ட்ஸில் அதிரும், ஆண் குரல் உட்காரும் இடம் அது. பாடகருக்குத் தன் குரல் பெரிதாகக் கேட்கும், ஸ்ருதி சரியாகத் தெரியாது. கதவை மூடினால் காற்றோட்டமும் போதாது. சுவரில் பசை போட்டு எதையும் ஒட்டக் கூடாது, கதவை மாற்றவும் கூடாது. மெத்தையும் துணி நிறைந்த அலமாரியும் உள்ள படுக்கையறையே நல்லது. அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பாடட்டும். மைக் இல்லாமல் தம்புரா ஆப்புடன் பாடினால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாகாது, இரவு பத்துக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: ராக்வுல், கம்பளி எல்லாம் உள்ளே ஒலியைச் சரிசெய்யும், வெளியே போகிற சத்தத்தைத் தடுக்காது.

---

காதுக்குள்_இசை

மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் ஏழு பேர் இந்த அளவு ரூமில் என்றால் நான் ஸ்பீக்கரையே நம்ப மாட்டேன். பாடகர்கள் இருவருக்காவது இன்-இயர் (காதுக்குள் சொருகிக் கேட்கும் மானிட்டர்) கொடுங்கள். வயர்லெஸ் வேண்டாம், வயர் போதும்.

உங்கள் மிக்சரிலேயே ஆரம்பிக்கலாம். முதலில் ஆக்ஸ் ப்ரீ-ஃபேடரா என்று பாருங்கள். போஸ்ட் என்றால் மெயின் ஃபேடரை யாராவது இறக்கும்போது காதிலும் இறங்கும். பல சின்ன மிக்சர்களில் முதல் ஆக்ஸ் மட்டும்தான் ப்ரீ, இரண்டாவது எஃபெக்டுக்காக. ப்ரீ ஆக்ஸிலிருந்து பெஹ்ரிங்கர் எச்ஏ400 போன்ற நாலு பேர் ஹெட்போன் ஆம்ப். இரண்டு பாடகர், டிரம்மர், நீங்கள். நாலு பேருக்கும் ஒரே மிக்ஸ், சத்தம் மட்டும் தனித்தனி. அதில் குரலும் கீபோர்டும் கொஞ்சம் தபலாவும் போதும். டிரம்ஸ் காற்றிலேயே வரும்.

ஒவ்வொருவருக்கும் தனி மிக்ஸ் வேண்டும் என்றால் பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரி டிஜிட்டல் மிக்சர். ஆறு ஆக்ஸ், அவரவர் போனிலேயே ஏற்றி இறக்கலாம். அதிலுள்ள வைஃபையை நம்பாமல் பழைய ரவுட்டர் ஒன்றை கேபிளில் இணையுங்கள், தொழிற்பேட்டைக் கட்டடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் அதிகம்.

புளூடூத் இயர்போன் வேண்டவே வேண்டாம், தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டும், தாளமே போய்விடும். யுஎச்எஃப் வயர்லெஸ் செட் இணையத்தில் வாங்கினால் அலைவரிசை ஐஎம்டிஏ (தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) இங்கே அனுமதித்ததுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடுவது பாடகர்கள் பலருக்கும் உள்ள பழக்கம். ஒரு காதில் மட்டும் கேட்டால் அந்தக் காதில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள், மறு காது டிரம்ஸை நேரடியாக வாங்கும். இரண்டையும் போடச் சொல்லுங்கள். 'அடைத்த மாதிரி இருக்கிறது' என்றால் ரூம் நடுவில் ஒரு மைக் வைத்து ஆக்ஸில் மட்டும் கொஞ்சம் சேருங்கள்.

---

மிக்சர்_மேசை

இன்-இயரை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் ரூம் சத்தத்தை இறக்காமல் இன்-இயர் போட்டால் அந்தச் சத்தத்தைத் தாண்டிக் காதுக்குள்ளேயே ஏற்ற வேண்டிவரும். அது ஸ்பீக்கரைவிட ஆபத்து. சிங்கப்பூர் வேலையிட விதிப்படி 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். இரண்டு மணி நேர ப்ராக்டிஸுக்கு 91தான் எல்லை. ஐபோன் இருந்தால் நியோஷ் எஸ்எல்எம் ஆப் இலவசம், பாடகர் நிற்கும் இடத்தில் ஒரு பாட்டு முழுக்க அளந்து பாருங்கள். இன்-இயர் போடாதவர்கள் இசைக்காரர்களுக்கான ஃபில்டர் இயர்பிளக் போடட்டும். மஞ்சள் ஃபோம் பிளக் உச்ச ஒலியை அதிகம் வெட்டிவிடும், சொல் புரியாது என்று கழற்றிவிடுவார்கள்.

---

உபி_கீபோர்டு

ஜி, பி ஃப்ளாட் என்று சொன்னது அப்படியே சரி. எச்ஏ400 ஒன்று வாங்கி ஆக்ஸில் போடுகிறோம். கீபோர்டைத் தனி ஆம்பில் போட்டால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருகிறது, மிக்சருக்கும் ஒரு கேபிள் போகிறது. அதற்கு என்ன செய்வது?

---

மிக்சர்_மேசை

ஆம்பும் மிக்சரும் வேறு வேறு பிளக் பாயின்டில் இருப்பதால் கிரவுண்ட் லூப் (இரண்டு எர்த் வழியாகச் சுற்றும் மின்னோட்டம்). இரண்டையும் கீபோர்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகுங்கள். போகவில்லையென்றால் கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பேசிவ் டிஐ பாக்ஸ் வைத்து ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் கம்பியை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. 230 வோல்ட், கையில் கிதார், உதட்டில் மைக், இரண்டுக்கும் நடுவில் ஆள் நிற்கிறார்.